தமிழ் வழியில் படித்தவர் ஆங்கில ஆய்வுக் கட்டுரைக்குத் தெளிவான சுருக்கம் எழுதுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் பெங்களூரில் சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. நகரத்து ஏரி ஒன்றைப் பற்றிய முதல் கட்டுரை முடிந்துவிட்டது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் நெறியாளர் மூன்று முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று முறையும் ஓரத்தில் ஒரே குறிப்பு: ‘தெளிவாக இல்லை’. இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்று மென்பொருள் சொல்கிறது. “என் ஆங்கிலம்தான் காரணமா? தமிழ் வழியில் படித்ததற்கு நான் கொடுக்கும் விலையா இது?” என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை. பெங்களூரின் மல்லேசுவரத்தில் உட்கார்ந்து ஆய்வாளர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வேலை. மழலையர் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலேயே படித்தவர்களின் சுருக்கங்களும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் பாதிக்குமேல் உங்களுடையதைப் போலவேதான் இருக்கின்றன. ஆங்கிலம் வழவழவென்று இருக்கும். படித்து முடித்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாது. எதைச் சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் எழுத உட்காருவதால் வருவது அது. அந்த முடிவைத் தமிழிலேயே எடுக்கலாம். நீங்கள் எடுத்தும்விட்டீர்கள். ஆனால் அதைச் சுருக்கத்தில் எழுதாமல், எனக்கு எழுதிய கேள்வியின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்:

“பகலில் அளந்தால் ஏரி நன்றாகத்தான் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆனால் யாரும் அந்த நேரத்தில் போய் அளப்பதில்லை.”

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்கள் கட்டுரை முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. இனி நீங்கள் அனுப்பிய சுருக்கத்தைப் பார்ப்போம். மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழாக்கித் தருகிறேன்:

“நகர்ப்புறச் சூழலில் ஏரிகள் முக்கியப் பங்கு வகிக்கின்றன. அண்மைக் காலமாக விரைவான நகரமயமாதலால் நீர்நிலைகள் மாசடைந்து வருகின்றன. கரைந்த ஆக்சிஜன் நீரின் தரத்தைக் காட்டும் முக்கியமான அளவுகோல். இக்கட்டுரையில் பெங்களூரிலுள்ள ஓர் ஏரியில் கரைந்த ஆக்சிஜனின் நேரம் சார்ந்த மாறுபாட்டை ஆராய ஒரு முயற்சி மேற்கொள்ளப்பட்டுள்ளது. சென்சார்கள் மூலம் தரவுகள் சேகரிக்கப்பட்டு, புள்ளியியல் முறைகளில் பகுப்பாய்வு செய்யப்பட்டன. குறிப்பிடத்தக்க மாறுபாடு காணப்பட்டது. முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன. இவ்வாய்வு கொள்கை வகுப்பவர்களுக்குப் பயன்படும்.”

ஒரு சோதனை செய்யுங்கள். ‘ஏரி’ என்பதை ‘ஆறு’ என்றும், ‘ஆக்சிஜன்’ என்பதைப் ‘பாஸ்பேட்’ என்றும், ‘பெங்களூர்’ என்பதை ‘மதுரை’ என்றும் மாற்றிப் படியுங்கள். ஒரு வாக்கியம்கூடத் தடுமாறாது. யாருடைய கட்டுரைக்கும் பொருந்துகிற வாக்கியம் உங்கள் கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். உங்கள் நெறியாளர் ‘தெளிவாக இல்லை’ என்று எழுதியது இதைத்தான். அவர் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தால் உங்களுக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

இந்தியாவில் எழுதப்படும் சுருக்கங்களில் சில தொடர்கள் அச்சு மாறாமல் வருகின்றன. ‘ப்ளேஸ் எ வைட்டல் ரோல்’, ‘இன் ரீசன்ட் இயர்ஸ்’, ‘ஆன் அட்டெம்ப்ட் ஹாஸ் பீன் மேட்’, ‘தி ரிசல்ட்ஸ் ஆர் டிஸ்கஸ்ட்’. மூத்த மாணவரின் ஆய்வேட்டைப் பார்த்து இளையவர் எழுத, அவரைப் பார்த்து அடுத்தவர் எழுத, இப்படியே வழிவழியாக வந்தவை. உங்கள் எட்டு வாக்கியங்களில் இந்த நான்கும் இருக்கின்றன. ‘முயற்சி மேற்கொள்ளப்பட்டுள்ளது’ என்று எழுதும்போது நீங்கள் அடக்கமாக இருப்பதாக நினைக்கிறீர்கள். படிப்பவருக்கோ முயற்சி பலித்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரிவதில்லை. ‘முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன’ என்பது, பந்திக்கு அழைத்து இலையைப் போட்டுவிட்டு, சமையல் உள்ளே இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது.

ஆய்வுச் சுருக்கத்தில் இரண்டு வகை உண்டு. கட்டுரையில் என்னென்ன இருக்கின்றன என்று சுட்டிக்காட்டி நிற்பது ஒன்று. என்ன கண்டுபிடித்தோம் என்பதையே சொல்லிவிடுவது மற்றொன்று. ஒரு துறையில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் பெரிய மதிப்புரைக் கட்டுரைகளுக்கு முதல் வகை சில நேரம் போதும். அளந்து, சோதித்து, எண்களோடு வந்த கட்டுரைக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஏனென்றால் பெரும்பாலானோர் அதைத் தாண்டி வரப்போவதில்லை. கட்டணம் கேட்கும் ஆய்விதழ்களில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. ஒரு கட்டுரையை மதிப்பாய்வு செய்ய முடியுமா என்று கேட்டு வரும் மின்னஞ்சலில் இருப்பதும் தலைப்பும் சுருக்கமும்தான். பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுபவர்கள், நூற்றுக்கணக்கான கட்டுரைகளைத் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பார்த்துக் கழித்துக்கொண்டே போவார்கள். அந்தச் சல்லடையில் ‘குறிப்பிடத்தக்க மாறுபாடு காணப்பட்டது’ என்பது கீழே விழுந்துவிடும்.

என்னிடம் நேரில் வரும் மாணவர்களை நான் முதலில் கட்டுரையை மூடி வைக்கச் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்துப் பெண் ஒருத்தி, பொருளறிவியல் மாணவி, எட்டாவது கிராஸில் ஒரு தர்ஷினி உணவகத்தில் நின்றுகொண்டே காபி குடிக்கும்போது தன் கோப்பைத் திறந்து காட்ட வந்தாள். “அதை மூடு. உன் அம்மா கேட்கிறார் என்று வைத்துக்கொள். இரண்டு வருடமாக என்னதான் செய்தாய்?” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “அக்கா, எல்லாரும் இந்தப் பூச்சு தடிமனாக இருந்தால்தான் துருப்பிடிக்காது என்கிறார்கள். நான் மெல்லியதாகவே பூசி, மெதுவாகக் காய வைத்தேன். அதுவே தாங்குகிறது” என்றாள். “எவ்வளவு தாங்குகிறது?” என்றேன். எண் சட்டென்று வந்தது. காகிதக் கைக்குட்டையில் அந்த மூன்று வாக்கியங்களையும் அப்படியே எழுதச் சொன்னேன். அவளுடைய சுருக்கத்தின் எலும்புக்கூடு அதுதான். பிறர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள், நான் என்ன செய்தேன், என்ன கிடைத்தது. அதனால் என்ன என்கிற நான்காவதை மட்டும் பிறகு சேர்த்தோம்.

இந்த வரிசையில் உங்களுடையதை எழுதிப் பார்க்கிறேன். எண்கள் உங்கள் அட்டவணையிலிருந்து எடுத்தவை.

“நகர ஏரிகளின் நீர்த்தரம் பெரும்பாலும் பகலில் எடுத்த மாதிரிகளைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. பாசி மிகுந்த ஏரிகளில் ஆக்சிஜன் இரவில் குறைவதால், மீன்களுக்குள்ள ஆபத்து பகல் அளவுகளில் தெரியாமல் போகலாம். பெங்களூரின் ஓர் ஏரியில் 90 நாள்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை, கரைந்த ஆக்சிஜனை அளந்தோம். நண்பகலில் சராசரி அளவு லிட்டருக்கு 7.8 மில்லிகிராம், விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் 2.6 மில்லிகிராம். நண்பகல் அளவு எல்லா நாள்களிலும் மீன்வளத்துக்கான 4 மில்லிகிராம் வரம்புக்கு மேலேயே இருந்தது. விடியல் அளவு 71 நாள்களில் அதற்குக் கீழே இறங்கியது. அளந்தது ஒரே ஏரியைத்தான் என்றாலும், பகல் மாதிரிகளை மட்டும் நம்பும் கண்காணிப்பு, இத்தகைய ஏரிகளில் மீன்கள் மூச்சுத் திணறும் நேரத்தைத் தவறவிடக்கூடும் என்று எங்கள் அளவுகள் காட்டுகின்றன.”

இதில் ஏரியையும் ஊரையும் மாற்றிப் பாருங்கள். முடியாது. 71 நாள்கள் என்பது உங்களுக்கு மட்டுமே சொந்தமான எண்.

ஏழு வாக்கியங்களில் பின்னணிக்கு இரண்டுதான். அந்த இரண்டும் பொதுவான புலம்பலாக இல்லாமல் நேரே இடைவெளிக்குப் போகின்றன: பகலில் அளக்கிறார்கள், இரவில் குறைகிறது. நீர்நிலைகள் மாசடைகின்றன என்று இந்தத் துறையில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தது இந்த ஊரில் பலருக்கு நினைவிருக்கும். உங்கள் முன்னுரையில் அதற்கு இடம் உண்டு, சுருக்கத்தில் இல்லை. பாசிகள் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுவதும், இரவில் பாசி, பாக்டீரியா, மீன் எல்லாம் சேர்ந்து அதைச் சுவாசித்துத் தீர்ப்பதும், அதனால் விடியலுக்குச் சற்று முன்பு அளவு அடிமட்டத்துக்கு வருவதும் துறையினர் அறிந்தவை. எனவே ஓர் அரை வாக்கியம் போதும். 4 மில்லிகிராம் என்ற வரம்பு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்கான ‘டி’ வகை நீருக்கு வைத்திருப்பது. உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த எண்ணை வைத்ததும், 2.6 என்பது வெறும் அளவாக இல்லாமல் ஆபத்தாகத் தெரிகிறது. ஒப்பிட ஒன்று இல்லாத எண், துறைக்கு வெளியே இருப்பவருக்கு ஊமை எண்.

மொழி விஷயத்துக்கு இப்போது வருகிறேன். தமிழ் உங்கள் தரத்தைக் குறைக்கவில்லை. ஆனால் தமிழ் வாக்கியத்தின் ஓட்டம் வேறு, ஆங்கிலத்தின் ஓட்டம் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் பாதித் திருத்தம் முடிந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். “பெங்களூரின் ஏரியில் விடியலுக்கு முன் சென்சார் மூலம் அளந்த ஆக்சிஜன் அளவு 71 நாள்களில் வரம்புக்குக் கீழே இறங்கியது” என்று எழுதினால் நம் காது கடைசிச் சொல்வரை பொறுமையாகக் காத்திருக்கும், அதில் ஒரு சுகமும் உண்டு. ஆங்கிலக் காது அப்படிக் காத்திருக்காது. யார், என்ன செய்தார்கள் என்ற இரண்டும் வாக்கியத் தொடக்கத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். இடம், நேரம், கருவி எல்லாம் பின்னால் வரிசையில் நிற்கட்டும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய நான்காம் வாக்கியத்தை எண்ணிப் பார்த்தேன். எழுவாயிலிருந்து வினைக்குப் போக, அதாவது ‘ஆன் அட்டெம்ப்ட்’ என்பதிலிருந்து ‘ஹாஸ் பீன் மேட்’ என்பதற்குப் போக, இருபத்தொரு சொற்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயின் கீழும் வினையின் கீழும் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஏழெட்டுச் சொற்களுக்குமேல் இருந்தால் அங்கே உடையுங்கள்.

இன்னொன்று நம் எச்சங்கள். “மாதிரி எடுத்து, வடிகட்டி, அளந்து, ஒப்பிட்டு, கண்டறிந்தோம்” என்று தமிழில் ஒரே மூச்சில் போகலாம். இதை ஆங்கிலத்தில் அப்படியே நீட்டினால் யார் எதைச் செய்தார் என்பது நழுவிவிடும். இரண்டு செயலுக்கு ஒரு முற்றுப்புள்ளி என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘எ’, ‘த’ என்ற சின்னச் சொற்கள் பலருக்கும் தலைவலி. தமிழில் அவற்றுக்கு நேர் இணை இல்லை. என் மாணவர்களுக்கு நான் தரும் கைவைத்தியம் இது. அந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன் தமிழில் ‘அந்த’ என்று போட்டு, ‘எந்த?’ என்று படிப்பவர் கேட்காமல் இருப்பார் என்றால் ‘த’. ‘ஏதோ ஒரு’ என்று போட்டால் பொருந்துகிறதா, ‘எ’. ஏரிகள், மீன்கள் என்று பொதுப்படையாகப் பன்மையில் சொன்னால் இரண்டும் வேண்டாம். முதல் முறை ‘எ லேக்’, அடுத்த முறையிலிருந்து ‘த லேக்’. எல்லா இடத்துக்கும் இது உதவாது; ஒரு சுருக்கத்தில் வரும் பத்துக்கு எட்டு இடங்களில் உதவும்.

காலம் எளிது. செய்ததும் கண்டதும் இறந்தகாலம். எப்போதும் உண்மையாக இருப்பதும், உங்கள் கட்டுரை காட்டுவதும் நிகழ்காலம். ஆங்கிலத்தில் ‘வீ மெஷர்ட்’, பிறகு ‘அவர் ரிசல்ட்ஸ் ஷோ’.

‘வீ’ என்று எழுதலாமா என்று தனியே கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். ‘நாங்கள்’ என்று சொல்வது அறிவியலுக்கு அழகல்ல என்று நம் கல்லூரிகளில் இன்னும் சொல்லித் தருகிறார்கள். 1928 மார்ச் 31 அன்று நேச்சர் இதழில் சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் தங்கள் புதிய ஒளிச்சிதறலை அறிவித்த சின்னஞ்சிறு கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே ‘வீ’ இருக்கிறது. ஒருவர் திருச்சியில் பிறந்தவர், மற்றவர் வத்திராயிருப்புக்காரர். இராமன் பிறகு 1933இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்து இந்த ஊர்க்காரரே ஆகிவிட்டார். 1953இல் டிஎன்ஏ வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் அறிவித்த கட்டுரையும் ‘வீ’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. ‘ஒரு வடிவத்தை முன்மொழிய விரும்புகிறோம்’ என்று நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். ‘அளவீடு மேற்கொள்ளப்பட்டது’ என்பதைவிட ‘அளந்தோம்’ என்பது சிறியது, பொறுப்பையும் ஏற்பது. ‘மேற்கொள்ளப்பட்டது’ என்பது நம் அலுவலகத் தமிழுக்கும் பிடித்த நோய்தான். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனதா, ஆங்கிலத்திலிருந்து இங்கே வந்ததா என்பது வேறு விவாதம்.

தமிழ் இலக்கணம் படித்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைப் பட்டியலிட்டார். பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆய்வுச் சுருக்கம் திருத்துவதற்கு அதைவிடக் கூர்மையான கருவி எனக்கு ஆங்கிலத்திலும் கிடைக்கவில்லை. எண்ணைச் சொல்லாமல் ‘மாறுபாடு காணப்பட்டது’ என்று நிறுத்துவது குன்றக் கூறல். ஏரியைப் பற்றிச் சொல்ல வந்து நகரமயமாதலை விரிப்பது மற்றொன்று விரித்தல். முதல் வாக்கியத்தில் சொன்ன முக்கியத்துவத்தைக் கடைசி வாக்கியத்தில் மறுபடி சொல்வது கூறியது கூறல். ஒரே பொருளை ஓரிடத்தில் ‘நீர்நிலை’, அடுத்த இடத்தில் ‘ஏரி’, பின்னர் ‘ஆய்வுத் தளம்’ என்று பெயர் மாற்றி மாற்றிச் சொல்வது மயங்க வைத்தல். பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று சொன்னார்கள். அறிவியலில் அந்த அறிவுரையை விட்டுவிடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரே பெயர், கடைசிவரை. எனக்கு மிகவும் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. கம்பீரமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, ‘கொள்கை வகுப்பவர்களுக்குப் பயன்படும்’ என்று காற்றில் கரைவது. எந்தக் கொள்கை, எப்படிப் பயன்படும் என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். உங்களால் சொல்ல முடியும்: விடியலுக்கு முன்னும் ஒருமுறை அளக்க வேண்டும்.

மிகைபடக் கூறலை மட்டும் தனியே நிறுத்திச் சொல்ல வேண்டும். மற்றவை வாசகரின் நேரத்தைத்தான் வீணாக்கும், இது அவரை ஏமாற்றும். 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆறு மருத்துவ இதழ்களின் கட்டுரைகளை எடுத்து, சுருக்கத்திலுள்ள தகவல்களை உள்ளே உள்ளவற்றோடு ஒப்பிட்டார்கள். உள்ளே இல்லாத அல்லது உள்ளே உள்ளதோடு முரண்படும் தகவல், இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதச் சுருக்கங்களில் இருந்தது. அவை நன்கு பதிப்பிக்கப்படும் இதழ்கள். 2010இல் அதே இதழில் வந்த மற்றோர் ஆய்வு, முதன்மை முடிவு புள்ளியியல் அளவில் தேறாத 72 மருத்துவச் சோதனைக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 58 சதவீதத்தில், சுருக்கத்தின் முடிவுரைப் பகுதி விஷயத்தை உள்ளதைவிட நல்லதாகத் திரித்துக் காட்டியது. மருத்துவர் பலர் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அச்சிட்ட பிரதியில் சுருக்கத்திலுள்ள ஒவ்வோர் எண்ணையும் வட்டமிட்டு, அது எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். கடைசி நேரத்தில் தரவைத் திருத்தியவர்கள் சுருக்கத்தைத் திருத்த மறந்துபோவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ‘சிக்னிஃபிகண்ட்’ என்ற சொல்லைப் புள்ளியியல் பொருளில், அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாதது என்ற பொருளில், மட்டும் வையுங்கள். பெரியது என்று சொல்ல வேண்டுமானால் எவ்வளவு பெரியது என்று எண்ணால் சொல்லுங்கள், அதன் நம்பக இடைவெளியையும் (உண்மையான மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டுவது) சேர்த்து. 40 சதவீதம் 30 ஆகக் குறைந்தால் அது 10 சதவீதப் புள்ளிகள் குறைவு அல்லது 25 சதவீதம் குறைவு. இரண்டும் சரி, ஆனால் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். ‘ரெஸ்பெக்டிவ்லி’ (முறையே) வருகிற இடத்தில் பெரும்பாலும் வாசகர் இரண்டு வரிசைகளை மனத்துக்குள் கோத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எண்ணை அதன் பொருளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அந்தச் சொல் தேவைப்படாது.

வினைச்சொற்களிலும் எடை உண்டு. ‘ப்ரூவ்’, ‘ஷோ’, ‘சஜெஸ்ட்’, ‘மே’ என்று ஒவ்வொரு படியாக இறங்கும். நீங்கள் அளந்தது ‘ஷோ’ ஆகலாம். மீன்கள் அதனால்தான் சாகின்றன என்று நீங்கள் சோதிக்கவில்லை, அதற்கு ‘மே’ தான் சரி. உங்கள் துறையில் ‘ப்ரூவ்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. ஆங்கிலத்தைச் சீர்செய்யும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நீங்கள் பயன்படுத்துவதாகச் சொன்னீர்கள். தவறில்லை, ஆனால் அவை வாக்கியத்தை மினுக்கும்போது இந்தப் படிகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். ‘மே’ இருந்த இடத்தில் ‘ஷோ’ வந்து உட்கார்ந்திருப்பதை நானே பலமுறை பிடித்திருக்கிறேன். முன்னையதையும் பின்னையதையும் அருகருகே வைத்து வினைகளை மட்டும் ஒப்பிடுங்கள். பயன்படுத்தியதைத் தெரிவிக்க வேண்டும் என்று பல இதழ்கள் கேட்கின்றன. உங்கள் இதழின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

நீளத்தை இதழ் சொல்லும். சயின்ஸ் இதழ் 125 சொற்களுக்குள் கேட்கிறது, நேச்சர் சுமார் 200, மின்னியல் பொறியாளர்களின் ஐ-டிரிபிள்-இ இதழ்கள் 150 முதல் 250 வரை. இயற்பியல் இதழான பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் சொற்களை எண்ணாமல் எழுத்துகளை எண்ணி 600இல் நிறுத்திவிடும். இதழில் வருவதற்கு முன்பே கட்டுரைகளைப் பதிவேற்றும் ஆர்கைவ் தளத்தில் 1920 எழுத்துகள். மருத்துவ இதழ்கள் 1987இல் எழுந்த ஒரு யோசனையைப் பின்பற்றி, நோக்கம், முறை, முடிவு என்று துணைத்தலைப்புகளுடன் கேட்பது வழக்கம். உங்கள் இதழ் அப்படிக் கேட்காவிட்டாலும் அந்தத் தலைப்புகளை வைத்து எழுதிவிட்டு, பிறகு தலைப்புகளை மட்டும் எடுத்துவிடுவது தொடக்கநிலையில் நல்ல பயிற்சி. மேற்கோள் எண்கள் பொதுவாக வேண்டாம், சுருக்கம் கட்டுரையைவிட்டுத் தனியே உலவுவதால் அந்த எண்களுக்கு அங்கே பொருள் இருக்காது. நேச்சர் போன்ற சில இதழ்கள் இதற்கு விலக்கு. குறுக்கப் பெயர்கள் இரண்டு மூன்று முறையாவது திரும்ப வந்தால் மட்டும், முதலில் விரித்து எழுதிவிட்டு வையுங்கள்.

எழுதி முடித்தபின் இரண்டு நாள் தொடாதீர்கள். பிறகு ஏரியைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு நண்பருக்குக் கொடுங்கள், இயற்பியல் மாணவராக இருந்தால் நல்லது. படித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, ‘என்ன கண்டுபிடித்திருக்கிறேன்?’ என்று தமிழிலேயே கேளுங்கள். ‘பகலில் அளந்தால் தெரியாது’ என்று அவர் சொன்னால் அனுப்பலாம். ‘ஏதோ ஆக்சிஜன் பற்றி’ என்றால் மூன்றாம் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஒரே ஒரு தகவலை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. அந்த 90 நாள்கள் எந்த மாதங்கள்? மார்ச் முதல் மே வரை என்றால் வெயிலும் வெதுவெதுப்பான நீரும் சேர்ந்து ஆக்சிஜனைக் கீழே இழுத்திருக்கும், மழைக்காலத்தில் அதே ஏரி வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். அப்படியானால் மூன்றாம் வாக்கியத்தில் ‘90 நாள்கள்’ என்பதற்கு முன் ‘கோடையில்’ என்று சேர்க்க வேண்டும். கடைசி வாக்கியத்தில் ‘ஒரே ஏரியைத்தான்’ என்பதும் ‘ஒரே ஏரியை, ஒரே கோடையில்தான்’ என்று மாற வேண்டும். மாதத்தைப் பார்த்துச் சேர்த்துவிட்டு நெறியாளருக்கு அனுப்புங்கள்.